வெள்ளைக் கம்பளியில் நீலம்

நான் ஒரு காரின் போனட்டில் கிளியர் கோட் என்ற மேல்பூச்சைத் தேய்த்தே தீர்த்துவிட்டேன். பிறகு அந்தப் பழியை, அந்தக் காருக்குப் பெயின்ட் அடித்தவர் மேல் போட்டேன். அவர் வேலையில் எந்தக் குறையும் இல்லை என்பது அன்றே எனக்கு உறுதியாகத் தெரிந்தது. தெரிந்த பிறகும் பல ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் என்னை உங்கள் வாட்ஸாப் குழுவில் சேர்த்துக்கொண்டு, ‘அங்கிள், கறுப்புக் காருக்குப் பாலிஷ் மெஷினில் எந்த பேட் மாட்டுவது நல்லது, தேய்க்க எந்தக் காம்பவுண்ட் பசை வாங்கலாம்’ என்று கேட்கிறீர்கள். நான் வேதியியல் படித்தவன், பெயின்ட் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன், அதன் பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் கார் பாலிஷ் கடை நடத்தியவன். அதனால் எனக்குத் தெரியும் என்று நம்புகிறீர்கள். தெரியும்தான். அன்றும் தெரிந்திருந்தது.

பேட் விஷயத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். இருப்பதிலேயே மென்மையான ஃபோம் பேட்டையும் இருப்பதிலேயே நைசான பாலிஷையும் எடுத்துக்கொண்டு, கையகல இடத்தில் மட்டும் தேய்த்துப் பாருங்கள். கீறல் போய்விட்டால் அதுவே போதும். போகாவிட்டால் மட்டும் ஒரு படி கடினமானதற்குப் போங்கள். கம்பளி பேட் கடைசி. கிளியர் கோட் என்பது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத மெல்லிய தோல். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதில் கொஞ்சம் போகிறது, போனது திரும்பாது. இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். கார்க்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது இதில் எவ்வளவு நினைவில் நிற்கிறது என்பதுதான் பிரச்சினை.

அது தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. கடைக்கு வெளியே வரை கார்கள் நின்றன. சிவபாதம் அண்ணன் தன் கருநீலக் காரைக் கொண்டுவந்தார். அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளாதவர். இரண்டு தெரு தள்ளி ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். அதுவரை எனக்கு அவர் ஒரு வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

“கார் வாஷ்ல அழுக்குத் துணியால தேய்ச்சிட்டான்க. வெயில்ல பாத்தா சிலந்தி வலை மாதிரி இருக்கு. எடுத்துருவீங்களா, கெமிஸ்ட்?” என்றார். அந்தத் தெருவில் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

போனட்டைப் பார்த்தேன். லேசான கீறல்கள். மென்மையான ஃபோம் பேட்டே போதும். ஆனால் எதிர்வரிசையில் புதிதாக ஒரு கடை திறந்திருந்தார்கள். அங்கே இளைஞர்கள் பாலிஷ் போடுவதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கம்பளியை எடுத்தேன். கம்பளி ஒரே ஓட்டத்தில் பளபளப்பைக் கொண்டுவந்துவிடும். பாதி போனட்டை முடித்துவிட்டு மீதிப் பாதியோடு ஒப்பிட்டுக் காட்டினால் பார்ப்பவர் வாயைப் பிளப்பார். எனக்கு அன்று அது தேவைப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. அன்று காலை மெல்பர்னிலிருந்து என் மகள் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்தத் தீபாவளிக்கும் வர முடியாது என்றாள். என் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. என் கை அன்று மெஷினைத் தேவைக்கு மேல் அழுத்தியது, அதற்காகச் சொல்கிறேன். மனம் சரியில்லாத நாளில் ஒரு படி மென்மையான பேட்டாக எடுங்கள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லித் தருவதில்லை.

போனட் வெயிலில் சூடேறியிருந்தது, ஆறவிடவில்லை. கம்பளியில் முந்தைய காருக்குப் போட்ட காம்பவுண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது, தட்டிச் சுத்தம் செய்யவில்லை. போனட்டின் நீளவாக்கில் ஓடும் மடிப்பில் டேப் ஒட்டவில்லை. மடிப்பில்தான் கிளியர் கோட் எப்போதும் மெல்லிசாக இருக்கும், பேட்டின் பாரமும் அங்கேதான் முழுதாக இறங்கும். மெஷின் அதன் மேல் இரண்டாவது முறை ஓடியபோது வெள்ளைக் கம்பளியில் நீலம் தெரிந்தது.

அதைப் பார்க்கும் துரதிர்ஷ்டம் உங்களுக்கு ஒருநாள் வரும். கிளியர் கோட் போட்ட காரில், பேட்டில் நிறம் ஒட்டினால், தோலைத் தாண்டிச் சதைக்குப் போய்விட்டோம் என்று அர்த்தம். மெஷினை நிறுத்தினேன். மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்கு மங்கலான கோடு.

“என்னா கெமிஸ்ட், அங்க மட்டும் மங்கலா இருக்கு?”

‘நான் தேய்த்து எரித்துவிட்டேன் அண்ணே’ என்பதற்கு ஒரு மூச்சுகூட ஆகாது. நான் சொன்னது வேறு.

“அதத்தான் பாக்குறேன். கிளியரை ரொம்ப லேசா அடிச்சிருக்காங்க போல.”

சொன்னதோடு நிற்கவில்லை. பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவியை எடுத்து வந்தேன். முதலில் கதவில் வைத்தேன், நல்ல எண் வந்தது. பிறகு நான் எரித்த அதே மடிப்பில் வைத்தேன், எண் வெகுவாக இறங்கியது. இரண்டையும் அவரிடம் காட்டினேன். வாழ்நாள் முழுக்க அரசாங்கக் கணக்குகளைச் சரிபார்த்தவர் அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“நம்பர் பொய் சொல்லாது,” என்றார்.

எண் பொய் சொல்லவில்லை, வைத்த இடம்தான் பொய். போனட்டின் நடுவில் வைத்திருந்தால் கதவின் எண்ணே வந்திருக்கும். பிறகு அவர் தேநீர் குடிக்கப் போனபோது நடுவில் வைத்துப் பார்த்தேன், அப்படித்தான் வந்தது.

ஆனால் அதற்கு முன் அவர் ஒன்று சொன்னார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் நெடுநேரம் துடைத்தார். “இதுக்கு ஸ்ப்ரே பண்ணது என் தம்பி,” என்றார்.

கருவியை அணைத்துக் கீழே வைத்தேன்.

“சாலாக் செலாத்தான்ல கடை வச்சிருக்கான். தவராசா. எங்க வீட்டுல எல்லாருக்கும் கவர்மென்ட் வேல. தாத்தா ரயில்வே, அப்பா ரயில்வே, நான் செக்ரட்டேரியட். இவன் மட்டும் ஸ்கூல விட்டுட்டுப் பெயின்ட் டின்னத் தூக்கிட்டுப் போய்ட்டான். அப்பா சாகுற வரைக்கும் அவன் கடைப் பக்கம் போகல. நானும்தான். இந்த வருஷம்தான் முதல் தடவையா என் காரை அவன்கிட்ட குடுத்தேன். அவன் பொண்டாட்டி அழுதுருச்சு, தெரியுமா.”

திருத்திக்கொள்ள எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு அது. முதலாவதைவிட எளிதானதும்கூட. ‘அண்ணே, நான் பார்த்தது தப்பு, நடுவிலும் அளந்து பார்ப்போம்’ என்றால் போதும். நான் சொன்னது இது: “அவசரத்துல சில சமயம் அப்படி ஆயிரும்ணே. பெருசா எடுத்துக்காதீங்க.”

தம்பிக்குப் பரிந்து பேசுவது போலத்தான் இருந்தது. குற்றத்தைத் தம்பியின் தலையில் உறுதிசெய்தது அந்த வாக்கியம்தான். வேறு இடத்தில் என் செலவில் போனட்டுக்குப் பெயின்ட் அடித்துத் தருவதாகவும் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார்.

“அப்படியே இருக்கட்டும். அவன் செஞ்ச வேலைய அவனே பாக்கட்டும்.”

மறுநாள் சாலாக் செலாத்தானில் நடந்ததைப் பின்னால் இருவர் வாயிலும் கேட்டேன். இரண்டும் ஒத்துப்போயின. தவராசா மடிப்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது மெஷின் தின்னது. கம்பளியப் போட்டு எரிச்சிருக்கான். மடிப்புல மட்டும் போயிருக்கு பாரு,” என்றார். அண்ணன் அதற்கு, “அவர் யூனிவர்சிட்டில கெமிஸ்ட்ரி படிச்சவர். அளந்து காட்டினார். நீ என்னா படிச்ச?” என்று கேட்டார். உள்ளே இலை போட்டிருந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை.

அதன் பிறகு சிவபாதம் அண்ணன் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. தம்பி மகளின் கல்யாணத்துக்கும் போகவில்லை.

தம்பியிடம் காரைக் கொடுத்த நாளிலிருந்து ஞாயிறு மதியச் சாப்பாடு அவருக்குத் தம்பி வீட்டில்தான் நடந்துகொண்டிருந்தது. அது நின்றுபோனதும் என் கடைக்கு வர ஆரம்பித்தார். ஞாயிறு காலையில் கடை திறந்திருக்கும், வேலை குறைவு. இரண்டு பிளாஸ்டிக் பைகளில் தே தாரிக் தேநீரைத் தாப்பாவ், அதாவது பார்சல், செய்துகொண்டு, பைகளை விரலில் தொங்கவிட்டபடி வருவார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

“ஊருல எல்லாம் வாய்க்கு வந்தத சொல்றான்க. நீ ஒருத்தன்தான்யா உள்ளத உள்ளபடி சொன்ன,” என்றார் ஒருநாள். ‘நீங்க’ என்பது ‘நீ’ ஆகியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். என்னை உரிமையோடு ‘நீ’ என்று அழைக்க அந்த ஊரில் வேறு யாரும் மிச்சமில்லை.

நான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்துபோய்க்கொண்டிருந்தேன். வீட்டில் யாரும் இல்லை. வாரத்தில் நான் ஆசையோடு எதிர்பார்த்த ஒரே காலை அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அரசியல் பேசுவோம், பந்தாட்டம் பேசுவோம், எந்தக் கடை வடையில் உப்பு அதிகம் என்று சண்டை போடுவோம். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கடையை மூடியிருந்தபோது தினமும் தொலைபேசியில் கூப்பிட்டு, “இருக்கியா, போய்ட்டியா?” என்று கேட்பார். “இருக்கேன்ணே,” என்பேன். சில நாள் அதற்கு மேல் பேச எதுவும் இருக்காது. அப்படியும் வைக்க மாட்டோம்.

நான் ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். முதல் நாள் சொல்லாததற்குக் காரணம் என் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். பிறகு சொல்லாததற்குக் காரணம் அவர். உண்மையைச் சொன்னால் அவர் தம்பியிடம் போய்விடுவார், என் ஞாயிறு போய்விடும். ஒருவருடைய அண்ணனை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். கார் மட்டும் ஒவ்வொரு வாரமும் கடை வாசலில் வந்து நின்றது. வெயில் பட்டுப் பட்டு அந்த மடிப்பின் ஓரங்கள் வெளுத்து உரிந்து, கோடு திட்டாக விரிந்துகொண்டே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஆஸ்பத்திரியில் இருதயப் பரிசோதனை முடித்து வந்திருந்தார். தேநீர்ப் பையின் முடிச்சை அவிழ்த்தபடியே, “உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்றார்.

“கேளுங்கண்ணே.”

“எனக்குப் பிள்ளை குட்டி இல்ல. ஏதாவது ஆச்சுன்னா நீதான் கொள்ளி வைக்கணும்.”

“என்னா பேச்சு இது. அதுக்குத் தம்பி இருக்காரு.”

“என் கார்ல கிளியர அடிக்காம மிச்சம் புடிச்ச கை. அது எனக்கு நெருப்பு வைக்க வேணாம்.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “பயப்படாத லா. இப்பல்லாம் சுடுகாட்டுல பட்டன்தான் அமுக்கணும். மெஷின் ஓட்டத் தெரிஞ்ச ஆளு நீதான்.”

அந்தத் தேநீரை என்னால் குடிக்க முடியவில்லை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை இல்லாத அண்ணனுக்குத் தம்பிதான் அந்தக் கடனைச் செய்ய வேண்டும். நான் தவராசாவின் பெயரை மட்டும் கெடுக்கவில்லை. இப்போது அவர் நிற்க வேண்டிய இடத்தில் என்னை நிற்கச் சொல்கிறார் அவருடைய அண்ணன். ஒரு விரல் நீளக் கோட்டுக்குச் சொன்ன பொய் அவ்வளவு தூரம் போயிருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் சாலாக் செலாத்தானுக்குப் போனேன். தவராசா ஒரு லோரியின் கதவை மணல்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கை நின்றது, பிறகு மீண்டும் ஓடியது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பளி, சூடான போனட், மடிப்பு, கருவியை வைத்த இடம், நடுவில் வந்த எண்.

“தெரியும் பாஸ்,” என்றார். “அன்னைக்கே பாத்தேனே. பெயின்ட் அடிக்கிறவனுக்குத் தெரியாதா?”

“என் மேல கோபம் இருக்கும்.”

“இருக்கு. ஆனா கொஞ்சம்தான். வாய் தவறுனது நீங்க. நம்புறதுக்கு ரெடியா இருந்தவர் அவரு.” மணல்தாளைத் திருப்பி மடித்துக்கொண்டார். “அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல. முதல்ல உங்ககிட்ட...”

“எங்கிட்ட ஏன்? எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. ஈஸியான வீட்டுக்கு முதல்ல வந்திருக்கீங்க.”

அவர் லோரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சிவபாதம் அண்ணன் வழக்கம்போல இரண்டு தேநீர்ப் பைகளோடு வந்தார். உட்கார விடவில்லை. “கொஞ்சம் காருக்கு வாங்கண்ணே,” என்று கூட்டிக்கொண்டு போய்க் கருவியைக் கதவில் வைத்துக் காட்டினேன். பிறகு போனட்டின் நடுவில் வைத்தேன். இரண்டும் ஒன்றுதான். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அப்போது சொன்னேன்.

அவர் கத்தவில்லை. அலுவலகத்தில் கோப்பைப் பார்த்துக் கேள்வி கேட்பவரைப் போலக் கேட்டார்.

“அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“தம்பின்னு நான் சொன்னப்புறமும்?”

“ஆமாண்ணே.”

“அவன் மக கல்யாணத்துக்கு நான் போகாம இங்க உக்காந்திருந்தேனே, அன்னைக்கும்?”

“ஆமா.”

பிறகு இரண்டு தேநீர்ப் பைகளையும் போனட்டின் மேல் வைத்தார். காரை எடுக்கப் போனபோது அவற்றை மறுபடியும் எடுத்து என் கையில் கொடுத்தார்.

“ரெண்டையும் நீயே குடி,” என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பிறகு கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டேன். மன்னிப்பைத் தொந்தரவு செய்து வாங்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. அந்த ஆண்டு முடிவில், என்னிடம் வேலை பார்த்த ஒருவரிடம் கடையை ஒப்படைத்துவிட்டேன். இப்போது கிள்ளானில் வீட்டோடு இருக்கிறேன். காலையில் வாசலைக் கூட்டுகிறேன், உங்கள் குழுவில் வரும் செய்திகளைப் படிக்கிறேன்.

உண்மையைச் சொன்னதும் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. தம்பியை ‘நீ என்னா படிச்ச’ என்று கேட்டது நான் இல்லையே. அந்த வார்த்தை அண்ணனுடையது. நான் உண்மையைச் சொன்னதும் அதன் முழுப் பாரமும் அவர் மேல் இறங்கிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு சாலாக் செலாத்தானுக்குப் போக அவருக்கு நெடுநாள் பிடித்தது.

இதை எனக்குச் சொன்னவர் தவராசா. ஒரு நாள் பகலில் கூப்பிட்டார். அவர் குரலை நான் எதிர்பார்க்கவில்லை.

“அண்ணன் வந்தாரு பாஸ். கடைக்கு எதிர்ல காரை நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருந்தாரு. இன்ஜினைக்கூட ஆஃப் பண்ணல. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போய்ட்டாரு. மறுபடியும் ஒருநாள் வந்தாரு, அதே மாதிரி. எனக்கும் போய்ப் பேச மனசு வரல. நாலு நாளைக்கு முன்னாடி திரும்பியும் வந்தாரு. வெயிலு. வயசான மனுசன். போய்க் கண்ணாடியத் தட்டினேன். இறக்குனாரு. சாவியக் குடுங்கன்னேன்.”

“குடுத்தாரா?”

“குடுத்தாரு.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“போனட் அடிச்சு முடிச்சிட்டேன்,” என்றார் தவராசா. “அதுல தூசி கொஞ்சம் உக்காந்திருக்கு, லேசா மணல்தாள் போட்டு எடுத்துருக்கேன். இனிமே பாலிஷ் போடணும். எப்பவும் வெளியிலதான் குடுப்பேன். ஆனா இந்தக் காரை வேற ஒருத்தன் தொட வேணாம்னு சொல்லிட்டாரு. நான் மெஷின் புடிச்சு வருஷமாச்சு. அதான் கேக்குறேன். எந்த பேட் போடட்டும்?”

நிதானமாகச் சொன்னேன். மணல்தாள் தடம் எவ்வளவு நைசானது என்று கேட்டேன். அதற்கு நடுத்தர ஃபோம் பேட் போதும், கடைசியில் மென்மையான பேட் ஒரு சுற்று, கம்பளி வேண்டவே வேண்டாம் என்றேன். மடிப்பு முழுவதும் டேப் ஒட்டச் சொன்னேன். நிழலில் வைத்து, கையால் தொட்டுக் குளிர்ச்சியாக இருந்தால் மட்டும் ஆரம்பிக்கச் சொன்னேன். முதலில் மூலையில் கையகலம் மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எழுதிக்கொள்வது போல “ம், ம்” என்று கேட்டுக்கொண்டார்.

அப்போது அவருக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. பெரும்பாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும், வாயில் சோற்றோடு பேசுகிற குரல்.

“யாருடா போன்ல?”

தவராசா சிறிது தயங்கினார். “பேட் விக்கிற ஆளுண்ணே,” என்றார்.

“சீக்கிரம் வா. ரசம் ஆறுது.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவர் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அந்த இருவரிடமிருந்தும் எனக்கு எந்தச் செய்தியும் இல்லை. இந்த வயதில் வருமென்றும் எதிர்பார்க்கவில்லை.

தவராசாவிடம் சொல்ல நினைத்து விட்டுப்போனது ஒன்று இருந்தது. அதை உங்களிடம் சொல்கிறேன். பாலிஷில் எண்ணெய் இருக்கிறது. தேய்த்து முடித்ததும் அது மிச்சக் கீறல்களை நிரப்பி எல்லாவற்றையும் பளபளவென்று காட்டும். அந்தப் பளபளப்பைப் பார்த்து காரைக் கொடுத்துவிடாதீர்கள். ஆல்கஹால் கலந்த நீரால் எண்ணெயைத் துடைத்து, வெயிலில் நிறுத்திப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உங்கள் வேலை. அதில் குறை இருந்தால் கார்க்காரர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சாலாக் செலாத்தானில் யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியிருந்திருக்காது. தவராசா நல்ல வேலைக்காரர்.